தாமிரபரணியின் தினக் கணக்கைப் புன்னைக்காயல் வரை எழுதுங்கள்

தாமிரபரணி வடிநிலத்தைக் கவனித்துவரும் நீர்வளத்துறைப் பொறியாளர்களுக்கும், தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்ட நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

தினமும் காலையில் வரும் அணை நீர்மட்டக் குறிப்பைத் தவறாமல் பார்க்கிறவர்களில் நானும் ஒருவன். பாபநாசம் இத்தனை அடி, சேர்வலாறு இத்தனை அடி, மணிமுத்தாறு இத்தனை அடி, நீர்வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு, எந்த ஊரில் எவ்வளவு மழை. நாளிதழிலும் இதுதான் வருகிறது, வாட்ஸ்அப்பிலும் இதுதான் சுற்றுகிறது. எங்கள் பக்கத்து விவசாயிகள் இதை வைத்துத்தான் நாற்றுப் பாவலாமா, வாழைக்கன்று வைக்கலாமா என்று முடிவு செய்கிறார்கள். ஆனால் நான் இருப்பது ஸ்ரீவைகுண்டம் தென்காலின் (தென்கரைக் கால்வாயின்) கடைமடைப் பக்கம். இந்தக் குறிப்பு முடிகிற இடத்துக்கும் என் ஊருக்கும் நடுவில் ஆற்றின் பெரும்பகுதி ஓடுகிறது. அந்தத் தூரத்தில் ஆற்றுக்கு என்ன நடக்கிறது என்று தினக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. அந்த வரிகளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல்.

உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை. ஆனாலும் இந்த ஆற்றின் அமைப்பைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான், நான் கேட்பது ஏன் அவசியம் என்பது இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் புரியும்.

தாமிரபரணி மொத்தமே சுமார் 128 கிலோமீட்டர்தான். பொதிகையில் பிறந்து, மன்னார் வளைகுடாவில் புன்னைக்காயல் அருகே கடலில் சேருகிறது. பிறப்பு முதல் கழிமுகம் வரை ஒரே மாநிலத்துக்குள் ஓடுவதால், காவிரிக்குப் போல இதற்கு அண்டை மாநிலத்தோடு பங்கீட்டு வழக்கு கிடையாது. இந்த ஆற்றின் கணக்கு முழுக்க நம் கையில் இருக்கிறது, அதாவது உங்கள் கையில். ஆற்றின் தலைமாட்டில் நிற்கும் அகத்தியர் மலை 1,800 மீட்டருக்கும் மேல் உயரம். திருநெல்வேலி நகரமோ கடல்மட்டத்துக்கு மேல் ஐம்பது மீட்டருக்குள்தான் இருக்கிறது. மலையில் பாணதீர்த்தம், கல்யாண தீர்த்தம் என்று விழுந்து புரண்டு வரும் தண்ணீர், பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டதும் வேகம் குறைந்து அகலமாகிறது. இத்தனை செங்குத்தாக இறங்கி, இத்தனை சீக்கிரம் தட்டையாகிவிடும் ஆற்றில் மலையில் பெய்த மழை ஊரை வந்து சேர நாள்கணக்கு ஆகாது, மணிக்கணக்குதான்.

இந்த ஆறு வற்றாமல் இருப்பதற்கு இரண்டு பருவமழையும் காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் கொட்டிவிட்டு, முகடு தாண்டி நம் பக்கமும் சிந்துகிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கிறதென்றால் சிற்றாற்றில் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்று திசை மாறி, மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து வந்து மலையின் கிழக்குச் சரிவில் மோதும்போது மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து ஆகிய இடங்களில் தமிழ்நாட்டின் மிகக் கனமான மழைகளில் சில பெய்கின்றன. அதே நேரத்தில், காகம் பறக்கும் தூரத்தில் நூறு கிலோமீட்டர்கூட இல்லாத தூத்துக்குடிக் கரையோரம் வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 70 சென்டிமீட்டர் மழைகூடப் பெரும்பாலும் தேறாது. களக்காடு முண்டந்துறைக் காடு மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு கோடையிலும் கசியவிடுகிறது. அதனால்தான் கார், பிசானம் என்று இரண்டு போக நெல் இந்தக் கரையில் நிலைத்தது.

சரி, இந்த மழையில் எவ்வளவு அணைகளுக்குள் வருகிறது? இங்கேதான் தினக் குறிப்பின் குறை தெரிகிறது. பாபநாசம் அணை 143 அடி, கொள்ளளவு 5,500 மில்லியன் கன அடி. சுரங்கம் வழியாக அதோடு இணைந்த சேர்வலாறு 156 அடி, 1,225 மில்லியன் கன அடி. மணிமுத்தாறு 118 அடி, 5,511 மில்லியன் கன அடி. மூன்றும் சேர்ந்து சுமார் 12,200 மில்லியன் கன அடி. இந்த மூன்றும் மலையடிவாரத்தில் நிற்கின்றன. அவற்றுக்கு மேலே உள்ள காட்டில் பெய்யும் மழையை மட்டுமே அவற்றால் பிடிக்க முடியும். அதற்குக் கீழே வந்து சேரும் ஆறுகளின் பட்டியல் பெரியது. கடனாநதி ஜம்புநதியையும் ராமநதியையும் கூட்டிக்கொண்டு திருப்புடைமருதூரில் கலக்கிறது. பச்சையாறு களக்காட்டு மலையிலிருந்து இறங்கி, நெல்லைக்கு மேற்கே தருவைப் பக்கத்தில் சேர்கிறது. சிற்றாறு குற்றாலத்திலிருந்து தென்காசி, வீரகேரளம்புதூர், கங்கைகொண்டான் என்று வளைந்து வந்து, நெல்லையைத் தாண்டி சீவலப்பேரியில் கலக்கிறது. கடனாநதியிலும் அணை உண்டுதான். 85 அடி உயரம், 352 மில்லியன் கன அடி. மணிமுத்தாற்றோடு ஒப்பிட்டால் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. குற்றாலத்தில் அருவியாக விழுகிற தண்ணீரை நிறுத்தி வைக்க அங்கே ஒரு பெரிய அணையும் கிடையாது.

ஆகவே ஒவ்வொரு கூடலுக்குப் பிறகும் இது வேறொரு ஆறாகிவிடுகிறது. பாபநாசத்தில் திறந்த அளவைத் தெரிந்துகொண்டால் அம்பாசமுத்திரத்துக்காரர் ஓரளவு கணித்துவிடலாம். முக்கூடல்காரருக்கு அது போதாது, கடனாநதியின் வரத்தும் தெரிய வேண்டும். நெல்லைக்காரருக்குப் பச்சையாற்றின் கணக்கும் தேவை. நெல்லை கொக்கிரகுளம் பாலத்தில் தண்ணீர் எந்த மட்டத்தில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு ஸ்ரீவைகுண்டத்துக்காரர் நிம்மதியாகத் தூங்க முடியாது, ஏனென்றால் சிற்றாறு அந்தப் பாலத்துக்குக் கீழேதான் வந்து சேர்கிறது. தென்காசியில் ராத்திரி கொட்டிய மழை நெல்லை நகரத்தைத் தொடாமலேயே எங்களை வந்து அடையும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைப் பற்றி உங்களிடம் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. குமரிக்கடல் பக்கம் நிலைகொண்ட வளிமண்டலச் சுழற்சியால் ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பதிவானது. காயல்பட்டினத்தில் அன்று பெய்தது, அந்த மாவட்டத்தின் ஓராண்டு சராசரியைவிட அதிகம். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோய், சுமார் 800 பயணிகள் வெளியே வர வழியில்லாமல் தவித்தார்கள். ஏரல் நகரம் முழுக்கத் தண்ணீர். நெல்லை சந்திப்புப் பேருந்து நிலையமே குளமாக நின்றது.

அந்த மழை அளவுகளை இன்னொரு முறை பாருங்கள். நான் சொன்ன மூன்று ஊர்களும் எல்லா அணைகளுக்கும் கீழே, கடலை நோக்கிய பக்கம் இருப்பவை. அங்கே பெய்த ஒரு துளிகூடப் பாபநாசத்துக்குள்ளோ மணிமுத்தாற்றுக்குள்ளோ போயிருக்க முடியாது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் 50 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 1,766 மில்லியன் கன அடி. சேர்வலாறு அணையின் முழுக் கொள்ளளவைவிட ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. மண் கொஞ்சம் குடிக்கும், குளங்கள் கொஞ்சம் பிடிக்கும். ஆனால் முந்தைய வாரங்களின் மழையில் மண்ணும் குளமும் ஏற்கெனவே நிறைந்திருந்தால்? அப்புறம் எல்லாம் ஓட்டம்தான். நொடிக்கு 1 லட்சம் கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் 8,640 மில்லியன் கன அடி. அதாவது பாபநாசமும் மணிமுத்தாறும் தரைதட்டிக் கிடந்து, அந்த வெள்ளம் முழுக்க அவற்றின் வழியாகவே வந்தால்கூட, ஒன்றரை நாளுக்குள் இரண்டும் நிரம்பிவிடும்.

வெள்ளத்துக்குப் பிறகு டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் நடந்த வாக்குவாதம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. அணையை எப்போது திறந்தார்கள், ஏன் முன்கூட்டியே திறக்கவில்லை? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது ஒன்றே கேள்வியாக ஆனதற்குக் காரணம், அணையைப் பற்றி மட்டுமே மக்களுக்குத் தினமும் தகவல் கிடைத்ததுதான் என்று நான் நினைக்கிறேன். சிற்றாற்றில் அன்று எவ்வளவு வந்தது, பச்சையாற்றில் எவ்வளவு, எந்தெந்தக் குளம் எத்தனை மணிக்கு உடைந்து எந்தப் பக்கம் பாய்ந்தது என்பதெல்லாம் பேச்சுக்கே வரவில்லை. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அந்த வெள்ளத்தை மனதில் வைத்துக்கொண்டு, “இவ்வளவுதான் ஏறும்” என்று சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? சுவரில் ஒரு கோடு போட்டுக் காட்ட யாரும் இல்லாத ஊரில் நினைவுதான் அளவுகோல்.

இத்தனைக்கும் அளக்க இடம் இல்லாமல் இல்லை. உலகத்தில் வேறு சில ஆறுகளில் அளவுக் கருவியை எங்கே வைப்பது என்று தேட வேண்டியிருக்கும். தாமிரபரணியில் நம் முன்னோர் அதற்கான இடங்களைக் கல்லில் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள். கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தது, மற்றவை அதற்கும் பழையவை. இவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்களும் அவற்றோடு கோத்த குளங்களும் சேர்ந்து 86,000 ஏக்கருக்கு மேல் பாசனம் தருகின்றன. ஒவ்வொரு அணைக்கட்டின் மேலும் வழியும் தண்ணீரின் உயரத்தைப் பார்த்தால் ஆற்றில் எவ்வளவு போகிறது என்று கணித்துவிடலாம். அந்தக் கணக்கு உங்கள் துறையினருக்குக் கைப்பழக்கம். பாசனத்துக்காக ஒவ்வொரு காலிலும் எவ்வளவு விடுகிறீர்கள் என்பதையும் குறித்து வைக்கிறீர்கள். முறப்பநாட்டில் மத்திய நீர் ஆணையம் ஆற்றின் ஓட்டத்தை அளந்து வருகிறது. ஆக, இதற்குப் புதிதாகப் பெரிய செலவு எதுவும் தேவைப்படாது. அளந்ததை ஊருக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளக் காலத்துக்கு மட்டும் இதைக் கேட்கவில்லை. கோடைதான் எங்களுக்கு இன்னும் கசப்பான காலம். ஜூனில் அணை திறந்துவிட்டார்கள் என்று செய்தி வரும். மேலே கன்னடியன் காலில் தண்ணீர் ஓடுகிறது என்பார்கள். எங்கள் பக்கம் கார் சாகுபடிக்குத் தண்ணீர் உண்டா இல்லையா என்பது பல வருடங்களில் கடைசி வரை தெரியாது. இடையில் எத்தனை கைகள் ஆற்றில் இறங்குகின்றன! ஆற்று மணலுக்குள் இறக்கிய உறைகிணறுகளிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் எடுக்கின்றன. சீவலப்பேரியிலிருந்து கோவில்பட்டி வரை தண்ணீர் போகிறது. போகட்டும், அவர்களுக்கும் தாகம் உண்டு. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்காகத் தொடங்கிய, 20 எம்ஜிடி என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் திட்டத்தின் அளவு நாளொன்றுக்குச் சுமார் 9 கோடி லிட்டர். நான் இங்கே யாருடைய பங்கையும் நிறுத்தச் சொல்லவில்லை. எந்த இடத்தில் எவ்வளவு எடுக்கப்படுகிறது, அதற்குப் பிறகு ஆற்றில் எவ்வளவு மிச்சம் என்று தினமும் தெரிந்தால், சண்டையாவது உண்மையான எண்ணை வைத்து நடக்கும். இப்போது மேல்மடைக்காரன் கடைமடைக்காரனையும், கடைமடைக்காரன் ஆலையையும், எல்லோரும் சேர்ந்து உங்களையும் சந்தேகப்படுகிறோம்.

இன்னொரு சொற்றொடரைப் பற்றி மனம்விட்டுச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் அறிக்கைகளிலும் செய்திகளிலும் “இத்தனை டிஎம்சி தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது” என்று வருகிறது. உபரி வெள்ளத்தைக் கன்னடியனிலிருந்து சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் கொண்டுபோக 2009இல் தொடங்கிய நதிநீர் இணைப்புத் திட்டத்துக்கு நான் எதிரி இல்லை. அந்த வறண்ட தேரிக்காட்டு ஊர்களின் கிணறுகளுக்கு அது உயிர் கொடுக்கும். ஆனால் கடலுக்குப் போகிற எல்லாத் தண்ணீரும் வீண் என்ற எண்ணம் இந்த ஆற்றின் வரலாற்றையே மறந்தது.

கொற்கை இன்று கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். பாண்டியர் காலத்தில் அதுதான் முத்துத் துறைமுகம். தாமிரபரணி கொண்டுவந்த வண்டலும் மணலும் கரையைக் கடலுக்குள் தள்ளித் தள்ளி, கொற்கையைத் தரைக்குள் விட்டுவிட்டன. துறைமுகம் காயலுக்குப் போனது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதிவைத்த காயல் அதுதான். பிறகு அந்தப் பழையகாயலும் உள்ளே போய்விட, போர்த்துகீசியர் காலத்தில் புன்னைக்காயல் துறையாயிற்று. இரண்டு துறைமுகங்களை அடுத்தடுத்து உள்நாடாக்கிய வண்டலைச் சுமந்து வந்தது, இன்று நாம் வீண் என்று சொல்கிற அதே வெள்ளம்தான். இன்று நாங்கள் வாழை வைக்கும் நிலமும், ஆத்தூர் வெற்றிலைக்கொடி ஏறும் மண்ணும் ஆறு இட்டது.

இப்போது அந்த வண்டலில் பெரும்பங்கு அணைகளுக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. ஆற்றுக்குள் இருந்த மணலையும் பல வருடங்கள் லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். 2010 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 5 ஆண்டுகளுக்குத் தடை விதிக்க வேண்டிய நிலைக்கு அது போனது. படுகை தாழ்ந்து, வரும் நன்னீரும் குறைந்தால், கடல் ஆற்றின் வழியாகவே உள்ளே ஏறும். முக்காணி, பழையகாயல் பக்கம் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். புன்னைக்காயல் கழிமுகத்தின் அலையாத்திச் செடிகளுக்கும், அங்கே குஞ்சு பொரித்து வளைகுடாவுக்குள் போகும் மீன், இறாலுக்கும் உப்புநீரோடு நன்னீர் கலந்தாக வேண்டும். எவ்வளவு கலந்தால் போதும் என்று சொல்வதற்குக்கூட, எவ்வளவு கலக்கிறது என்ற தினக் கணக்கு முதலில் வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இது. காலையில் வரும் அதே குறிப்பில் அணைகளுக்குக் கீழே இன்னும் சில வரிகள் சேருங்கள். எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டியும் எவ்வளவு தண்ணீர் போகிறது, ஒவ்வொரு காலிலும் எவ்வளவு பிரிகிறது, திருப்புடைமருதூரில் கடனாநதியும் சீவலப்பேரியில் சிற்றாறும் எவ்வளவு கொண்டுவருகின்றன, ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டிக் கடலை நோக்கி எவ்வளவு போகிறது. மழைக்காலத்தில் இதை மணிக்கு ஒரு முறை தாருங்கள். கூடவே, பாபநாசத்தில் 10,000 கன அடி திறந்தால் அது சேரன்மகாதேவிக்கு, நெல்லைக்கு, முறப்பநாட்டுக்கு, ஏரலுக்கு எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும், 50,000 கன அடி திறந்தால் எத்தனை மணி நேரத்தில் வரும் என்று உங்கள் பழைய பதிவேடுகளைக் கொண்டு ஓர் அட்டவணை போட்டு ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டுங்கள். “கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்” என்ற அறிவிப்பு எப்போதும் வருகிறது. எத்தனை மணிக்குள் போக வேண்டும், தண்ணீர் எந்தத் தெரு வரை வரும் என்று சொன்னால்தான் ஆடு மாட்டை அவிழ்த்துக்கொண்டு கிளம்ப முடியும்.

1992இலும் 2023இலும் தண்ணீர் ஏறிய மட்டத்தைக் கரையோர ஊர்தோறும் ஒரு பொதுக் கட்டடத்தில் கல்லில் வெட்டிக் குறியுங்கள். பள்ளிக்கூடம், நூலகம், பேருந்து நிலையம், எதுவானாலும் சரி. 2023இன் ஈரக்கறை பல வீட்டுச் சுவர்களில் இன்னும் தெரிகிறது, ஆனால் வெள்ளையடிக்க வெள்ளையடிக்க அது போய்க்கொண்டிருக்கிறது. குளங்களின் மறுகால் எந்த ஓடை வழியாக எந்தக் குளத்துக்குப் போகும், அந்த ஓடையின் மேல் இன்று என்ன கட்டியிருக்கிறார்கள் என்ற வரைபடத்தையும் அதே கட்டடத்தில் மாட்டுங்கள். கடம்பா குளம் மாதிரிப் பெரிய குளங்களின் கரை எந்த இடத்தில் பலவீனம் என்று பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மழைக்கு முன் ஒருமுறை அவர்களை அழைத்துக்கொண்டு கரையில் நடந்து பாருங்கள்.

இதற்கு ஆள் பற்றாக்குறை என்று பதில் வரலாம். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் இருக்கின்றன. ஆற்றுக்குள் ஓர் அளவுப் பலகை நட்டுக் கொடுத்தால், காலையிலும் மாலையிலும் அதைப் பார்த்து எண்ணை அனுப்ப எங்கள் ஊரிலிருந்தே ஆள் தர முடியும். அதற்கு நான் பொறுப்பேற்கிறேன்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்யச் சொல்லவில்லை. மருதூர், ஸ்ரீவைகுண்டம் ஆகிய இரண்டு அணைக்கட்டுகளின் கணக்கையும் சீவலப்பேரியில் சிற்றாற்றின் வரத்தையும் இந்த மழைக்கு முன்னால் தினக் குறிப்பில் சேர்க்க முடியுமா, முடியாதென்றால் என்ன தடை என்று எழுத்தில் பதில் தாருங்கள். பதில் வந்தால் அதைக் கடைமடை ஊர்கள் எல்லாவற்றிலும் வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஸ்ரீவைகுண்டம் தென்கால் கடைமடையில் வாழை வைத்திருக்கும் ஒரு விவசாயி